ஆசிட் பாட்டிலும் கோலி சோடாவும்

இருபத்திரண்டு வருடம் நான் பார்த்த வேலை, பூமிக்குள்ளிருந்து என்ன மேலே வருகிறது என்று கவனித்துக்கொண்டிருப்பது. மும்பை ஹை என்ற கடல் எண்ணெய் வயலில், துளையிடும் ரிக்குகளில் மட் லாகர். ஜூஹுவில் ஹெலிகாப்டர் ஏறினால் பதினாலு நாள் கடல், அப்புறம் பதினாலு நாள் செம்பூர் வீடு. துளையிடும்போது மட் என்கிற சேற்றுக் குழம்போடு சேர்ந்து வரும் கல் துணுக்குகளை ஷேல் ஷேக்கர் என்ற சல்லடையிலிருந்து அள்ளிக் கழுவி, ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விடுவோம். நுரைத்தால் சுண்ணாம்புக்கல். 1974-ல் மும்பை ஹையில் எண்ணெய் கிடைத்ததே அந்தச் சுண்ணாம்புக்கல்லில்தான். அந்த நுரை வேறொன்றுமில்லை, கார்பன் டை ஆக்சைடு. கல்லுக்குள் கோடி வருடமாகக் கட்டுண்டு கிடந்ததை தினமும் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாள்கூட அப்படி யோசித்ததில்லை.

பூமியைச் சூடாக்கும் அதே வாயுவைத் திரும்ப நிலத்துக்கடியில் அடைப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள ஐந்து நாள் பயிற்சி. அந்தேரியில் ஒரு ஹோட்டல் ஹால், ஏசி பயங்கரக் குளிர். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். பாடம் எடுத்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது, தெளிவாகச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் குறையே இல்லை. என் குறை, ஐந்து நாளில் ஒருவர் கையிலும் ஒரு கல் வரவில்லை என்பதுதான்.

அடிப்படை எளிது. கிட்டத்தட்ட 800 மீட்டருக்குக் கீழே போனால் அங்குள்ள அழுத்தத்திலும் சூட்டிலும் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலைக்குப் போய்விடும். சூடு 31 டிகிரியும் அழுத்தம் 74 பாரும் தாண்டினால் அந்த நிலை. மேலே ஒரு டன் வாயு 550 கன மீட்டர் இடத்தை அடைக்கும். கீழே இரண்டு கன மீட்டருக்குள் அடங்கிவிடும். உப்புநீர் ஊறிய மணற்கல்லில் செலுத்தினால் அது மேலே ஏறப் பார்க்கும், மேலே ஷேல் மாதிரி இறுக்கமான மூடுபாறை இருந்தால் நின்றுவிடும். கொஞ்சம் துளைகளுக்குள் மாட்டிக்கொள்ளும், கொஞ்சம் நீரில் கரையும், காலப்போக்கில் கொஞ்சம் கல்லாகவே மாறும்.

நார்வேயில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் 1996-லிருந்து பல வருடங்கள், வருடத்துக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம் டன் இப்படி இறக்கியிருக்கிறார்கள். அங்கே எடுக்கிற இயற்கை வாயுவில் கார்பன் டை ஆக்சைடு அதிகம், பிரித்தெடுத்தே ஆக வேண்டும். காற்றில் விட்டால் 1991-ல் வந்த வரியைக் கட்ட வேண்டும். வரிதான் முதல் வாத்தியார் என்று பக்கத்து சீட்டுக்காரர் முணுமுணுத்தார். எனக்குப் பிடித்தது அதே நாட்டின் ஸ்னோவிட் கதை. 2008-ல் செலுத்த ஆரம்பித்தார்கள், பாறைக்குள் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. 2011-ல் அந்த அடுக்கை விட்டுவிட்டு வேறு அடுக்குக்கு மாறினார்கள். கணக்கு ஒன்று சொன்னது, கல் வேறொன்று சொன்னது, கல்லின் பேச்சைக் கேட்டார்கள். ஒரு முழு நாளை இதற்கே ஒதுக்கியிருக்கலாம். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு லஞ்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சிமென்ட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஸ்லைடு. அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிணறு தோண்டியதும் உள்ளே கேசிங் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் சிமென்ட் ஏற்றுவோம். அது ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று ஒலியை அனுப்பிப் பார்ப்பதற்குப் பெயர் சிபிஎல். ஒரு மழைக்கால ராத்திரி, இரண்டு மணி இருக்கும், ஒரு கிணற்றின் சிபிஎல் காகிதம் வந்தது. நடுவில் நாற்பது மீட்டருக்குக் குழாய் மணி மாதிரி கணகணத்தது. பிடிமானமே இல்லை என்று அர்த்தம். மேலதிகாரி டீயைக் குடித்துக்கொண்டே "ஓகே மாதிரிதான் இருக்கு" என்றார். சிமென்ட் யூனிட்டில் இருந்த, பத்தாவது வரை படித்த ஒரு மனிதர்தான் விடாமல் வாதாடி, துளை போட்டு மறுபடி சிமென்ட் அழுத்த வைத்தார். விடிந்துவிட்டது.

எண்ணெய்க் கிணற்றுக்கே இந்தப் பாடு. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம். சாதா போர்ட்லேண்ட் சிமென்ட்டை அரிக்கும், இரும்பையும் அரிக்கும். மூடுபாறை லட்சக்கணக்கான வருடம் தாங்கியிருக்கலாம், ஆனால் அதில் ஓட்டை போட்டது நாம்தானே? அந்தப் பகுதியில் என்றோ தோண்டிக் கைவிட்ட கிணறுகளும் வாயு ஏறி வரும் வழியாகலாம். அந்த ஹாலில் இருந்த இருபத்தாறு பேரில் சிமென்ட் யூனிட்டில் நின்றவர் ஒருவர்கூட இல்லை. எல்லோர் முன்னாலும் லேப்டாப்.

நாலாம் நாள் வீட்டுப்பாடம்: துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவருக்குப் பத்து நிமிடத்தில் புரியவைக்க வேண்டும். எனக்கு அம்மாதான். எழுபத்தெட்டு வயது, மயிலாடுதுறையை ஒட்டிய குத்தாலம் பக்கத்துக் கிராமம். வயலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு வந்ததைப் பார்த்தவள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோலி சோடாவை வைத்து ஆரம்பித்தேன். உள்ளே இருக்கிற கேஸ்தான் கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, பாறையும் அந்த மாதிரிதான் என்றேன்.

"அப்போ கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கினா?"

உவமை அங்கேயே படுத்துவிட்டது. கோலிக்கு வேலை நடப்பதே கேஸின் அழுத்தத்தால்தான், மூடுபாறைக்கோ அந்த அழுத்தம்தான் எதிரி. அதிகமாக ஏற்றினால் விரிசல் விடும். நேர்மாறாகச் சொல்லியிருக்கிறேன்.

சரி என்று வேறு வழியில் போனேன். லோனாவ்லா பக்கம் மலையேறப் போனபோது பொறுக்கிய கருங்கல் ஒன்று ஜன்னலில் கிடந்தது. எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட். அந்தேரியில் அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கும் கில்பர்ட் ஹில்லும் இந்த வகைதான்; ஏறக்குறைய ஆறு கோடி வருடப் பழசு. தக்காணத்தில் ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இந்தக் கல் பரந்து கிடக்கிறது. கல்லில் இருந்த குழிகளை ஏதோ வெள்ளையாக அடைத்திருந்தது. ஆசிட் விட்டேன். இரண்டு குழி சும்மா இருந்தது, அது ஜியோலைட் என்ற வேறு கனிமமாக இருக்கலாம். மூன்றாவது நுரைத்தது, கால்சைட், சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே கனிமம். கார்பன் டை ஆக்சைடைக் கல்லாக்கிப் பூட்டும் வேலையை இந்த மலை நம்மைக் கேட்காமலே செய்து வைத்திருக்கிறது என்று அம்மாவிடம் காட்டினேன். ஐஸ்லாந்தில் 2012-ல் இதே மாதிரிப் பாறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள், இரண்டே வருடத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்றும் சொன்னேன். தண்ணீரில் கரைத்துத்தான் அனுப்ப வேண்டும், ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 25 டன் தண்ணீர்.

அம்மா கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இருபத்தஞ்சா? ஏண்டா, ஆத்துல தண்ணி வரலேன்னு நாத்தங்காலைக் காயவிட்டவ நான். உன் புகையைப் புதைக்கத் தண்ணிக்கு எங்க போவே?"

கடல்நீரைப் பயன்படுத்தும் ஆராய்ச்சி நடக்கிறது என்றேன். "கடல்லேர்ந்து லோனாவ்லா மலைக்கு யார் தூக்கிட்டு வருவா?" என்றாள். பத்து நிமிடம் முடிந்திருந்தது.

மறுநாள் அம்மாவின் கேள்விகளை ஹாலில் அப்படியே சொன்னேன். சிரித்தார்கள், அப்புறம் முக்கால் மணி நேரம் அதைத்தான் பேசினோம். கருத்துப் படிவத்தில் நாலு எழுதினேன்: ஆசிட் பாட்டில் வேண்டும், கல் வேண்டும், சிமென்ட் யூனிட் ஆட்களை உட்கார வையுங்கள், இந்தியிலோ மராத்தியிலோ தமிழிலோ நடத்துங்கள்.

போன வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து மெயில். அடுத்த பேட்ச்சில் சிமென்ட் பற்றி இரண்டு மணி நேரம் என்னால் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். பழைய ரிக் கூட்டாளிக்கு போன் போட்டு, அந்த ராத்திரி வாதாடிய மனிதரின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் வந்தால் நான் பேச வேண்டியதே இல்லை, ஸ்லைடைத் தள்ளிக்கொடுத்தால் போதும். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். செம்பூரிலிருந்து அந்தேரி டிராஃபிக்கில் அவள் முழங்கால் தாங்காது.