கல்லூரி உதவித்தொகை மேசையில் ஜூன் மாதம்

தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனாலும் முதல் பருவம் முடிவதற்குள் வராமல் நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. அறை வாடகை, மதியச் சாப்பாடு, தேர்வுக் கட்டணம் என்று வேறு செலவுகள் முன்னால் வந்து நிற்கின்றன. இவற்றைத் தாங்கத்தான் அரசு உதவித்தொகை தருகிறது. அந்தப் பணம் எந்த மாதம் கைக்கு வருகிறது என்பதில் இருக்கிறது பல பிள்ளைகளின் படிப்பு.

உதவித்தொகை மேசையில் அதிகம் சிக்குவது வங்கிக் கணக்குதான். "ஆதார் இணைச்சாச்சு சார்" என்று பாஸ்புக்கை நீட்டுவார்கள். வங்கி ஆதாரை அடையாள ஆவணமாகப் பதிந்திருக்கும், அவ்வளவுதான். அரசு மானியம் வருவதற்கு வங்கிகளுக்கிடையே பணம் கடத்தும் தேசிய அமைப்பான என்பிசிஐ-யின் பட்டியலில் அந்தக் கணக்கை ஆதார் எண்ணோடு தனியாக இணைக்க வேண்டும்; இதைத்தான் சீடிங் என்கிறார்கள். அதற்குக் கிளையில் ஒரு ஒப்புதல் படிவம் தர வேண்டும். கடைசியாக எந்த வங்கியில் சீடிங் ஆனதோ, பணம் அங்கேதான் போகும். பள்ளியில் படித்தபோது தொடங்கிய கணக்கில் பணம் விழுந்துகொண்டிருக்க, பிள்ளை கல்லூரிக்குப் பக்கத்து வங்கியில் காத்திருப்பது வழக்கமான காட்சி. மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் வங்கியின் பெயர் தெரிந்துவிடும். விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். குறைந்தபட்ச இருப்பு கேட்கும் கணக்கும் வேண்டாம். பழைய அபராதத்தை வங்கி முதல் தவணையிலேயே பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது பெயர். மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்தோடு 'மு. இளவரசி', ஆதாரில் 'இளவரசி முருகன்'. ஆதாரை மாற்றிக்கொள்வதே சுலபம்; மதிப்பெண் சான்றிதழைத் திருத்தப் போனால் ஆண்டே ஓடிவிடும்.

மாணவியருக்காக 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண், மாணவருக்காக 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் ஆகிய இரண்டு திட்டங்களிலும் மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கு, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேட்டு எண்ணான எமிஸ் எண்தான் சாட்சி. இடையில் பள்ளி மாறியவர்களின் பதிவில் ஓராண்டு விடுபட்டிருக்கும். அதைச் சரிசெய்யக் கூடியது பழைய பள்ளிதான், கல்லூரியால் முடியாது. அதனால்தான் சேர்க்கை நாளன்றே எமிஸ் எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது.

குடும்பத்தில் முதலாவதாகப் பட்டப்படிப்புக்கு வருபவருக்கான முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. தொழிற்கல்வியில் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியே சேர்ந்தால்தான் அது பொருந்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குச் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் குடும்பங்களைப் பார்ப்பது வேதனை. சான்றிதழ் பதிவேற்றும் கடைசித் தேதி இ-சேவை மையத்துக்காகக் காத்திருக்காது. பிளஸ் டூ முடிவு வந்ததுமே விண்ணப்பித்துவிட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளில் சேர்ந்தவர்களுக்கு 2021 முதல் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கதவு வேறில்லை.

மிகுந்த கவலை தருவது ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கானது. வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு 2021-இல் வந்த நெறிமுறைப்படி ஒன்றியம் 60, மாநிலம் 40 என்று பங்கு. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே ஒன்றியப் பங்கு மாணவரின் கணக்குக்கு நேராக வரும். வந்த 7 நாளுக்குள் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். ஆக, மாநிலப் பங்கு தாமதமானால் மொத்தமும் நிற்கிறது. மருத்துவச் செலவோ கந்துவட்டியோ நெருக்கும் வீட்டில் 7 நாள் நீண்ட காலம். அந்தப் பணத்தை வீடு எடுத்துக்கொண்டால் அதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது. பாக்கியைக் கல்லூரி தவணையாக வாங்கலாம். ஹால் டிக்கெட்டை நிறுத்திவைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2018-இல் அறிவித்திருக்கிறது.

நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களை வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். விண்ணப்பத் தளம் அனுப்பும் குறுஞ்செய்தி பெரும்பாலும் அப்பாவின் பழைய எண்ணுக்குப் போயிருக்கும். வகுப்பாசிரியரிடம் பட்டியலைக் கொடுத்தால் மறுநாளே பிள்ளை மேசைக்கு வந்துவிடும்.