உசிரோடதான் கெடந்துச்சு

"தம்பி, இது அந்தத் தடை பண்ணுன உழுவையா? வலையில ஏறும்போது உசிரோடதான் கெடந்துச்சு."

தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் அந்த மீனவர் அண்ணாச்சி என்னிடம் சொன்னது இந்த இரண்டு வாக்கியங்கள்தான். நான் முதல் வாக்கியத்துக்குப் பதில் சொன்னேன். இரண்டாவது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. ஏறியிருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தெளிவான பதில் இல்லை.

2016 மே மாதம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளமும் பைபர் படகும் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன, மீன் விலை ஏறிக் கிடந்தது. கரைக்கு வரும் சுறா, திருக்கை வகைகளை அளந்து குறிப்பது என் வேலை. அன்றைக்கு அண்ணாச்சியின் திருக்கை வலையில் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளத்தில் ஒரு பெண் உழுவை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்பாதி திருக்கை மாதிரி தட்டையாக, மூக்கு கூராக இருக்கும். பின்பாதி அசல் சுறா. தோள் பக்கம் ஒரு கறுப்புப் பொட்டும் அதை ஒட்டி வெள்ளைப் புள்ளிகளும் உண்டு. அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையையும் வரிசையையும் பார்த்துத்தான் இனம் பிரிப்போம்.

நான் குனிந்து புள்ளிகளை எண்ணினேன். எழுந்து சொன்னேன்: "இல்ல அண்ணாச்சி, பட்டியல்ல இருக்கது வேற இனம். இது வேற."

"அப்பச் சரி" என்றார். மீன் ஏலத்துக்குப் போய்விட்டது.

நான் சொன்னதில் பொய் இல்லை, இதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அத்தனையையும் மத்திய அரசு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. கடற்கரை முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. அந்த டிசம்பரிலேயே பட்டியலைப் பத்து இனங்களாகச் சுருக்கினார்கள். அம்மணி உழுவை என்ற திமிங்கலச் சுறா, மூக்கு வாள் மாதிரி நீண்ட வேளா மீன் வகைகள், கங்கைச் சுறா எல்லாம் உள்ள அந்தப் பத்தில் ஓர் உழுவையும் உண்டு. அதன் அறிவியல் பெயர் ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ். வெகுகாலம் நம் கடலில் பிடிபட்ட பெரிய உழுவைகளை எல்லாம் அந்தப் பெயரிலேயே எழுதி வந்தார்கள். பிறகு வகைப்பாட்டியலார் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது, ஜிடென்சிஸ் மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு உரியது, ஆப்பிரிக்கக் கரையோரத்து மீன் என்று ஆனது. நம் பக்கம் வருபவை ஆஸ்திரேலியே, லேவிஸ் என்ற வேறு இனங்கள். ஆக, சட்டத்தில் இருந்த பெயர் ஒன்று, நம் வலையில் விழுந்த மீன் இன்னொன்று.

எனக்கு இது தெரியும். தெரிந்ததைச் சொன்னேன். கேட்ட மனிதர் அறுபதைத் தாண்டியவர். வலையில் பாதி கிழிந்து போய், அன்றைய பாடு என்று அவருக்கு இருந்தது அந்த ஒரு மீன்தான். "ஆமா, தடை" என்று சொல்லியிருந்தால் அதை மண்ணில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். மண்ணெண்ணெய்க் காசும் ஐஸ் காசும் கடனில் ஏறியிருக்கும். மீன் அதற்குள் செத்திருந்தது. செத்த மீனுக்காகப் பொய் சொல்லி ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் செலவைப் பறிப்பதில் என்ன நியாயம்?

இந்த வாதத்தை எத்தனையோ இரவு எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டாவது வாக்கியம் வந்து நிற்கிறது.

அவர் கேட்டது சட்டத்தைப் பற்றி என்று நினைத்துவிட்டேன். வெறும் சட்டம் என்றால் "உசிரோடதான் கெடந்துச்சு" என்று சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இல்லையே? அடுத்த தடவை வந்தால் விட்டுவிடணுமா என்றுதான் அவர் கேட்டிருக்க வேண்டும். அல்லது, விட்டிருக்கலாமோ என்ற உறுத்தலை என்னிடம் இறக்கி வைத்திருக்க வேண்டும். அதற்கு நான் வெள்ளைப் புள்ளிகளை எண்ணிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

உயிரோடு கிடந்தது என்பது உழுவை விஷயத்தில் சாதாரணச் செய்தி இல்லை. சுத்தியல் மாதிரித் தலை உள்ள கொம்பன் சுறா ஓயாமல் நீந்திக்கொண்டிருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும். வலையில் சிக்கி நின்றதுமே மூச்சு முட்டத் தொடங்கிவிடும். தூக்கும்போது பெரும்பாலும் பிணம்தான். உழுவை அப்படியில்லை. மணலில் படுத்துக் கிடக்கிற மீன் அது. கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியாகத் தண்ணீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்பிக்கொள்ளும். அடிவலையில் மாட்டினாலும் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். அதாவது, கொம்பனை விட்டுவிடுங்கள் என்று மீனவரிடம் சொல்வது பல நேரம் பிணத்தைக் கடலில் போடச் சொல்வதுதான். உழுவையை விட்டால் பிழைக்க உண்மையிலேயே வாய்ப்பு உண்டு. என் வேலையில் நான் கற்றவற்றுள் இந்த ஒன்றுதான் அண்ணாச்சிக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது. இதை நான் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் அதிகம் உறுத்துகிறது. ஏலம் எடுத்தவரிடம் கேட்டு, வயிற்றைக் கிழிக்கும்போது பக்கத்தில் நின்றேன். உள்ளே ஒன்பது குட்டிகள். மஞ்சள்கருப் பை இன்னும் அவற்றின் வயிற்றில் ஒட்டியிருந்தது. வெளியே வந்து பிழைக்கும் பருவம் இல்லை. உழுவை முட்டை இடுவதில்லை, குட்டிதான் போடும். பிறக்கும்போதே ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். நான் ஒவ்வொன்றாக எடுத்து அளந்தேன், ஆண் பெண் பிரித்தேன், படம் எடுத்தேன். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. நான் நேரில் பார்த்த முதல் சினை உழுவை அதுதான். ராத்திரி என் மேலதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நல்ல பதிவு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சங்க காலத்துப் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வம் உறைவதாக வழிபட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்தக் கொம்பு வேளா மீனின் வாளாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தன் அப்பா காலத்தில் வேளா வந்தால் வலையே கந்தலாகும் என்று அண்ணாச்சி ஒருமுறை சொல்லியிருக்கிறார். நான் முழு வேளாவைக் கரையில் பார்த்ததே இல்லை. சுவரில் தொங்கும் காய்ந்த வாளைத்தான் பார்த்திருக்கிறேன். உழுவை வேளாவின் நெருங்கிய உறவுக்கார மீன்.

பிடித்துத் தூக்கும் அதிர்ச்சியிலேயே சினைத் திருக்கைகளும் சுறாக்களும் குட்டியைக் கழித்துவிடுவது உண்டு. ஆகவே அண்ணாச்சி அதைக் கடலிலேயே விட்டிருந்தாலும் அந்த ஒன்பதும் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. இதையும் எனக்கு ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் தாய் பிழைத்திருக்கலாம். சாளை மீன் என்றால் ஒரு வருடத்துக்குள் முட்டைப் பருவத்துக்கு வந்து ஆயிரக்கணக்கில் கொட்டித் தீர்க்கும். இந்த வருடம் அள்ளினால் மழையும் நீரோட்டமும் கைகொடுக்கும் இன்னொரு வருடத்தில் ஈடுகட்டிவிடும். சுறா இனத்தின் கணக்கு அப்படி இல்லை. நாம் புட்டுக்கு வாங்கும் சின்னப் பால் சுறாவே ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து ஐந்தாறு குட்டிக்குள்தான் போடும். பெண் கொம்பன் இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்த பிறகுதான் முதல் சினையே பிடிக்கும். இந்த இனங்களில் வளர்ந்த ஒரு தாயை எடுத்தால் அந்த இடம் நிரம்பப் பல வருடம் ஆகும். கடலோரத்து மீனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குட்டி வளரும் ஆழம் குறைந்த பகுதியும் நாம் வலை போடும் பகுதியும் ஒன்றாகவே இருக்கிறது. தாயையும் அங்கேதான் பிடிக்கிறோம், குட்டியையும் அங்கேதான் பிடிக்கிறோம். இழுவை வலையில் வரும் சங்காயத்தை, அதாவது கழிவு மீனைக் கிளறினால், கைநீளக் கொம்பன் குட்டிகள் கோழித் தீவனத்துக்குப் போகும் குவியலுக்குள் கிடப்பதைப் பார்க்கலாம்.

சரி, அந்த மே மாதத்துக்கு வருகிறேன்.

"சார் இது வேறன்னு சொல்லிட்டாரு." அடுத்த இரண்டு வாரத்தில் இந்தப் பேச்சு கரையில் பரவிவிட்டது. அதற்கு முன் நான் அங்கே உழுவையை எப்போதாவதுதான் பார்த்திருந்தேன். அந்த மாதம் மட்டும் ஐந்து பார்த்தேன். ஒருவர் என்னைக் கூப்பிட்டே காட்டினார், "எழுதிக்கோங்க சார்" என்று. வியாபாரி ஒருவர் வந்ததும் இறக்கையைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார். சுறா இறக்கை ஏற்றுமதியை 2015 தொடக்கத்திலேயே தடை செய்திருந்தார்கள். உழுவையின் இறக்கை வெளிச்சந்தையில் மிக உயர்ந்த விலைக்குப் போகும் ரகம். அவர் ஏன் அதை முதலில் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த நாள் நான் அளக்க மீன் இருக்காது.

என் பதிலால்தான் அந்த ஐந்தும் செத்தனவா? அல்லது முன்பும் அதே எண்ணிக்கையில் செத்துக்கொண்டிருந்து, பயத்தில் கடலிலேயே துண்டு போட்டுக் கறியாகக் கொண்டுவந்ததால் என் கண்ணில் படாமல் இருந்தனவா? இரண்டாவது என்றால் நான் நல்லதே செய்திருக்கிறேன். மறைந்து கிடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். எங்கள் அறிக்கையிலும் அப்படித்தான் தெரிந்தது, "பதிவுகள் கூடியுள்ளன" என்று. முதலாவது என்றால்? ஐந்து மீனை வைத்து இதைத் தீர்க்க முடியாது என்று எந்தப் புள்ளியியல்காரரும் சொல்வார். எனக்கும் அது தெரியும்.

2019-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உழுவை வகை மீன்களை மறுமதிப்பீடு செய்து, உழுவை, பெரிய கிட்டார் மீன் குடும்பங்களின் பதினாறு இனங்களில் பதினைந்தை மிக அருகிய நிலையில் வைத்தது. அந்த வருடமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலும் அவை சேர்ந்தன. 2022-இல் நம் சட்டத்தையும் திருத்தினார்கள். பாதுகாப்புப் பெறும் சுறா, திருக்கைகளின் பட்டியல் நீண்டது. 2019 செய்தியைப் படித்த அன்று, மூன்று வருடத்துக்கு முன் நான் சொன்ன "இது வேற" என்ற இரண்டு சொற்கள்தான் முதலில் ஞாபகம் வந்தன. பெயர்தான் வேறாக இருந்தது. இரண்டு இனமும் ஒரே மாதிரிதான் அழிந்துகொண்டிருந்தன. அதைச் சொல்ல எனக்கு எந்தப் பட்டியலும் தேவைப்பட்டிருக்கவில்லை.

எங்கள் படிவத்தில் நீளம், எடை, ஆணா பெண்ணா, வலை, ஆழம், சினை என்று கட்டங்கள் உண்டு. தூக்கும்போது உயிர் இருந்ததா என்ற கட்டம் அப்போது கிடையாது. சேர்க்கலாம் என்று சொன்னேன். "மீனவர் வாய்ச்சொல்லை எப்படிச் சரிபார்ப்பீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆழத்தையும் அவர்கள் வாய்ச்சொல்லில்தானே எழுதுகிறோம்? கடைசியில் சேர்த்தார்கள். அதற்கப்புறம் எந்தப் படகு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அதுவாகிவிட்டது. விட்டுவிட்டால் பிழைக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னேன், கண்ணுக்குப் பின்னால் உள்ள துளையைத் தொட்டுக் காட்டி. இளவட்டப் பையன்கள் ஆர்வமாகக் கேட்டார்கள்.

சில மாதம் கழித்து அண்ணாச்சி வலையில் இன்னொரு உழுவை. போனதைவிடச் சின்னது, ஆண். இந்தத் தடவை அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"வலையில ஏறும்போது உயிரோட இருந்துச்சா அண்ணாச்சி?"

அவர் வலையில் ஒட்டிய பாசியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "செத்துத்தான் தம்பி வந்துச்சு."

அதையே எழுதிக்கொண்டேன். அந்தக் கட்டம் வந்த பிறகு திரேஸ்புரத்தில் நான் பதிந்த உழுவைகள் எல்லாவற்றுக்கும் நேராக அதே சொல்தான் இருக்கிறது. அவர் முதல் தடவை சொன்னது எந்தப் படிவத்திலும் இல்லை.