விருப்பத்தெரிவுப் பட்டியலின் கீழ்வரிகள்

எமது பழைய மாணவர் சங்க மலருக்குப் பாடசாலை நினைவுகளை எழுதித் தருமாறு செயலாளர் கேட்டிருந்தார். துடுப்பாட்டப் போட்டிகளையும் விடுதிக் குறும்புகளையும் எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருப்பதால், இதுவரை எந்த மலரிலும் இடம்பெறாத ஒரு விடயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் எமது காலத்தில் உயர்தர வகுப்புகளுக்குப் பொறுப்பாயிருந்த கணித ஆசிரியர், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடத்தை, நேரசூசியில் இல்லாத ஒரு நேரத்தில் எமக்குக் கற்பித்தார். பாடசாலையை விட்டு வெளியேறிய பின் எங்கே போகலாம், அதற்கு எந்தத் தாளை யாரிடம் கொடுக்கவேண்டும் என்பதே அந்தப் பாடம். வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு, தனியார் வகுப்புகள் நடக்கும் ரியூட்டரிக்கு ஓடுவதற்கு முன்னர் கிடைக்கும் இடைவெளியில், நூலகத்தின் பின்பகுதியில் எம்மை இருத்திவைத்து அதைச் செய்தார்.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு நாங்கள் 2002ஆம் ஆண்டு தோற்றியவர்கள். எமக்குச் சற்று முன்னர்தான் எல்லாமே மாறியிருந்தது. 2000ஆம் ஆண்டில் நான்கு பாடங்கள் மூன்றாகக் குறைந்தன; தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியல் ஆயின; தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்து இணைந்த கணிதம் ஆயின. அதற்கு அடுத்த ஆண்டுப் பரீட்சையிலிருந்து, கூட்டுப் புள்ளிகளுக்குப் பதிலாக இசட் புள்ளியைக் கொண்டு பல்கலைக்கழக அனுமதி வழங்கப்படும் என்றார்கள். அண்ணன்மாரும் அக்காமாரும் சொல்லக்கூடிய அனுபவம் எமக்குப் பொருந்தாமற் போனது. சேர் என்று நாங்கள் அழைத்த அந்தக் கணித ஆசிரியரிடம் ஒரு பெரிய சி.ஆர். குறிப்புக் கொப்பி இருந்தது. பத்திரிகைகளில் வெளியான மாவட்ட ரீதியான வெட்டுப்புள்ளிகளை (ஒரு மாவட்டத்திலிருந்து அனுமதி பெறத் தேவையான ஆகக் குறைந்த புள்ளிகளை) பல ஆண்டுகளாக வெட்டி ஒட்டி, எமது கல்லூரி மாணவர்களில் யார் எந்தக் கற்கைநெறிக்குப் போனார் என்பதைப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தார். புதிய முறை வந்ததும் அந்தக் கொப்பியிலிருந்த எண்கள் எல்லாம் பழைய நாணயமாகிவிட்டன. அவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. மறுவாரமே புதிய கொப்பி ஒன்றோடு வந்துவிட்டார்.

இசட் புள்ளி என்றால் என்னவென்று ஊரில் எவருக்கும் தெளிவாகத் தெரியாதிருந்த நாட்கள் அவை. கொழும்பில் இருப்பவர்கள் எமது புள்ளிகளை வெட்டுவதற்குக் கண்டுபிடித்த உபாயம் என்றுகூடச் சிலர் பேசினார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மொழிவாரியாக மாற்றியமைத்த எழுபதுகளின் தரப்படுத்தலை அனுபவித்த தலைமுறையிடம் அந்தச் சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை. சேர் விவாதிக்கவில்லை. எங்களுடைய தவணைப் பரீட்சைப் புள்ளிகளையே கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு பாடத்துக்கும் சராசரியையும், புள்ளிகள் அதிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டும் நியம விலகலையும் எம்மைக் கொண்டே கணிக்கச் செய்தார். பௌதிகவியலில் வகுப்பின் சராசரி 40, நியம விலகல் 15. அதில் 64 பெற்றவர், 64இலிருந்து 40ஐக் கழித்து 15ஆல் வகுத்தால் 1.6 பெறுகிறார். உயிரியலில் சராசரி 58, நியம விலகல் 12. அதில் 70 பெற்றவருக்கு 1.0 மட்டுமே கிடைக்கிறது. எழுபதை அறுபத்து நான்கு வென்றுவிட்ட அந்தக் கணக்கைப் பார்த்து நாங்கள் சிறிது நேரம் பேசாதிருந்தோம். சராசரிக்குக் கீழே நின்ற ஒருவன் தனது பெயருக்கு எதிரே சயக் (−) குறியைக் கண்டு முகம் சுருங்கியபோது, "தம்பி, இது எங்கடை வகுப்புக் கணக்கு, பரீட்சையிலை முழு நாட்டோடையும்தான் உம்மை ஒப்பிடுவினம், அதுக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கு" என்றார். கடினமான பாடத்தைக் கைவிட்டு எளிதான பாடத்தில் புள்ளி குவிக்கலாம் என்று எண்ணியிருந்த பலர் அன்றோடு பௌதிகவியற் புத்தகத்தை மீண்டும் கையில் எடுத்தார்கள்.

பரீட்சை முடிந்து பெறுபேறு வந்த பின்னர் நடந்ததுதான் எனது நினைவில் இன்னும் ஆழமாக நிற்கிறது. அனுமதியை வழங்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை முழுதாக வாசித்தவர்கள் எமது வகுப்பில் அநேகமாக எவருமில்லை. விண்ணப்பப் படிவத்தின் விருப்பத்தெரிவுப் பட்டியலில் மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல் என்று மேலே மூன்று நான்கு வரிகளை எழுதிவிட்டு, எஞ்சியதை வெறுமையாக விடுவதே வழக்கமாயிருந்தது. அதற்குக் கீழே எழுதினால் மேலே உள்ளது கிடைக்காமற் போய்விடும் என்று நம்பிய பெற்றோரும் இருந்தார்கள். "படிவத்திலை நீர் விடுற வெற்றிடத்தை ஆணைக்குழு நிரப்பித் தராது" என்று சேர் சொல்லிக்கொண்டே, ஒவ்வொருவரையும் தன் முன்னால் இருத்திக் கீழ்வரிகளை எழுதவைத்தார். முதலில் பென்சிலால் ஒரு பயிற்சித் தாளில் எழுதவேண்டும். இந்தக் கற்கைநெறி எத்தனை ஆண்டு, எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, முடித்தால் என்ன வேலை என்று அவர் கேட்பதற்குப் பதில் சொல்லவேண்டும். பதில் தெரியாத வரியை எழுத அனுமதிக்கமாட்டார். கால்நடை மருத்துவம் பேராதனையில் மட்டுமே இருக்கிறது என்பதையும், கட்டட வேலைகளின் அளவையும் செலவையும் கணிக்கும் கணிய அளவையியல் என்று ஒரு துறை மொறட்டுவையில் இருக்கிறது என்பதையும் நான் அந்த மேசையில்தான் அறிந்தேன். பொறியியலுக்கு எனது புள்ளி போதவில்லை. பின்னாளில் எனக்குச் சோறு போட்டது நான் அரைமனதோடு எழுதிய அந்தக் கணிய அளவையியல் வரிதான். ரொறன்ரோவில் கட்டட நிறுவனம் ஒன்றில் மதிப்பீட்டாளராக இன்றும் அந்தத் தொழிலையே செய்துவருகிறேன்.

படிவத்தை நிரப்புவதோடு வேலை முடிவதில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். விடுகைப் பத்திரம், அதிபரின் நற்சான்றிதழ், கிராம அலுவலரின் வதிவிடச் சான்று, மகாபொல புலமைப்பரிசிலுக்கான வருமானச் சான்று ஆகியவற்றை எந்த ஒழுங்கில் எடுத்தால் அலைச்சல் குறையும் என்று சொல்லித்தந்தார். இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களுக்கு இது சிறிய காரியமன்று. போரினால் நேர்ந்த 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழையே தொலைத்தவர்கள் எமது வகுப்பில் இருந்தார்கள். பல்கலைக்கழக இடங்களில் எந்த மாவட்டத்தின் பங்கில் ஒருவர் கணிக்கப்படுகிறார் என்பது படித்த பாடசாலையையும் குடியிருந்த இடத்தையும் பொறுத்ததாகையால், வன்னியில் சில ஆண்டுகள் படித்துவிட்டு வந்தவர்களின் தாள்களை அவர் தனியாக எடுத்துப் பார்த்தார்.

பெண் பிள்ளைகளைத் தெற்கே அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கும் சைக்கிளில் போய் வந்தார். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும், போரினால் மூடப்பட்டிருந்த ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறக்கும்வரை கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதி பெற்றுத்தான் யாழ்ப்பாணத்தை விட்டுச் செல்லமுடிந்தது என்பதால், அந்தத் தயக்கத்தை அவர் ஒருபோதும் ஏளனம் செய்ததில்லை. விடுதியில் ஏற்கனவே இருக்கும் எமது பாடசாலை அக்கா ஒருவரின் கடிதத்தைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வருவார்; முடிவை அந்த வீட்டாரே எடுக்கட்டும் என்று விட்டுவிடுவார். எல்லா வீட்டிலும் அது பலித்தது என்று சொல்லமாட்டேன்.

இடம் கிடைக்காதவர்களிடம் அவர் நடந்துகொண்ட முறையைத் தனியாகச் சொல்லவேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இன்றும் அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. மற்ற மூவரைப் பற்றி எமது கல்லூரிகளின் பரிசளிப்பு விழா அறிக்கைகளில் ஒரு வரிகூட இராது. சேரின் கொப்பியில் அவர்களுக்கும் பக்கங்கள் இருந்தன. கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சிப் பாடசாலை, தொழில்நுட்பக் கல்லூரி, மொறட்டுவையின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா, திறந்த பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் எப்போது கோரப்படும் என்பதை எழுதி வைத்திருந்தார். மூன்று முறை பரீட்சை எழுதலாம் என்ற விதியைக் காட்டி, மூன்றாம் முறையும் எழுதுவதே மானம் என்று பிள்ளைகளை வீட்டுக்குள் இருத்திவைத்த பெற்றோரிடம் மாத்திரம் அவருக்குக் கோபம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வயதுவரை ஒரு பிள்ளையை ரியூட்டரி வாங்கில் தேயவிடுவது படிப்பு ஆகாது என்று நானும் நினைக்கிறேன்.

கனடாவில் எனது மகன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது இதே பணியைச் சம்பளம் பெறும் வழிகாட்டல் ஆசிரியர்கள் செய்வதைக் கண்டேன். ஒன்ராறியோவில் பத்தாம் வகுப்பில் தொழில் வாழ்க்கை பற்றிய அரை அலகுப் பாடம் ஒன்று கட்டாயமாக இருக்கிறது. பட்டயம் பெறுவதற்கு 40 மணித்தியாலச் சமூகப் பணியும் செய்யவேண்டும். இவ்வளவு இருந்தும் எம்மவர்களிற் பலர் அந்த ஆசிரியரை ஒருமுறையேனும் சந்திப்பதில்லை. பிள்ளை மருத்துவராவது பிறந்தபோதே தீர்மானமாகிவிட்டதால் சந்திக்க வேண்டிய தேவை ஏற்படுவதில்லை போலும்.

ஊரில் இன்று வழிகள் பெருகியிருக்கின்றன. உயர்தரத்தில் 2013இல் ஆரம்பித்த தொழில்நுட்பப் பிரிவு மாணவர்கள் 2015இல் முதன்முறையாகப் பரீட்சைக்குத் தோற்றினார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழில் படிப்படியாக ஏழாம் மட்டம்வரை சென்று பட்டம் பெறலாம். விண்ணப்பமும் இணையவழிக்கு வந்துவிட்டது. வழிகள் பெருகும்போது அவற்றைப் பிரித்துச் சொல்லும் ஆளின் தேவையும் பெருகுகிறது. ஆனால் கடந்த முறை கல்லூரிக்குச் சென்றிருந்தபோது, வழிகாட்டல் அலகு என்று பெயர்ப்பலகை இருந்த அறையில் விளையாட்டு உபகரணங்கள் அடுக்கப்பட்டிருந்தன. பொறுப்பான ஆசிரியைக்கு வாரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட பாடவேளைகள் என்று சொன்னார்கள். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

எமது சங்கம் நுழைவாயில் வளைவுக்கும் திறன்பலகைகளுக்கும் பணம் அனுப்பியிருக்கிறது. அவற்றில் எனக்கும் பங்குண்டு, பெருமையும் உண்டு. சூமில் ஒரு மணிநேரம் தோன்றித் தமது வெற்றிக் கதையைச் சொல்லும் உரைகளையும் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் மரியாதையோடு கேட்கிறார்கள், பிறகு எந்தப் பிரிவை எடுப்பது என்று ரியூட்டரி வாசலில் நண்பனிடம் விசாரிக்கிறார்கள். சாதாரண தரப் பெறுபேறு வெளியாகி உயர்தர வகுப்பில் சேரும்வரையான சில வாரங்களில்தான் அந்தத் தெரிவு நடக்கிறது. அந்த வாரங்களில் பிற்பகல்தோறும் நூலகத்தில் இருக்கக்கூடிய, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மாதாந்தக் கொடுப்பனவு வழங்கவும், விடுமுறையில் ஊரில் நிற்கும் எமது பல்கலைக்கழக மாணவர்களையும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களையும் அவரோடு இருத்தவும் வரும் பொதுக்கூட்டத்தில் நான் ஒரு தீர்மானத்தை முன்மொழிய இருக்கிறேன். மின்னிணைப்பாளர், தாதி, நில அளவையாளர், கணக்காளர் என்று பல்கலைக்கழகத்துக்கு வெளியே தொழில் கற்ற பழைய மாணவர்கள் தமது பெயரையும் தாம் சென்ற வழியையும் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தால், கூட்டத்துக்கு முன்னரே அந்தப் பட்டியலைக் கல்லூரிக்கு அனுப்பிவிடலாம். மருத்துவர்களின் பெயர்கள் ஏற்கனவே போதிய அளவு கிடைத்துவிட்டன.