டைரக்ட் குடுத்தாச்சு சார்

மார்கழிக் காலை, ஆறு மணி. பாத்ரூமுக்குள்ளிருந்து "ஐயய்யோ!" என்று ஒரு அலறல். குழாயைத் திறந்தவர் வாளியில் தண்ணீர் விழும் என்று நம்பியிருந்தார். வந்ததோ இட்லிப் பானையைத் திறந்த மாதிரி புஸ்ஸென்று ஆவி. அடுத்த நிமிஷம் கதவுக்கு வெளியே குடும்பக் கமிட்டி கூடிவிடும். "இன்னிக்கு வோல்டேஜ் ஜாஸ்தி" என்பார் அப்பா. "நல்ல கம்பெனி கீசர்னா அப்படித்தான் சுடும்" என்பார் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமா. அம்மா மட்டும்தான் உருப்படியாக ஒன்று சொல்வார்: "முதல்ல அதை அணைச்சுத் தொலைங்க."

அம்மா சொன்னதுதான் சரி. ஆனால் பாத்ரூம் சுவிட்சோடு நிறுத்தக் கூடாது, கரண்ட் போர்டில் இருக்கும் எம்சிபி சுவிட்சையும் இறக்க வேண்டும். வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் காயிலில் கரண்ட் நிற்கும். இன்னொன்று, சூடு குறையட்டும் என்று யாராவது சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கப் போவார்கள். கையைப் பிடித்து நிறுத்துங்கள். மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீசர் டேங்குக்குள் வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். அங்கே தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். குழாயைத் திறந்ததும் அழுத்தம் இறங்கும், அதில் ஒரு பங்கு அங்கேயே ஆவியாகிச் சீறும். பிரஷர் அடங்காத குக்கரைத் திறக்கிற வேலை இது. தானாக ஆறட்டும். டேங்கைச் சுற்றியிருக்கும் பஃப் என்கிற நுரைக் காப்பு சூட்டை லேசில் விடாது, எனவே அன்றைக்குக் குளியல் அடுப்பில் வைத்த அண்டாத் தண்ணீரில்தான்.

அப்பாவின் வோல்டேஜ் வாதத்துக்குக் கணக்கு ஒன்று போதும். 15 லிட்டர் டேங்க், 2000 வாட் காயில். 27 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்கு வர 17, 18 நிமிஷம். வோல்டேஜ் கொஞ்சம் ஏறினால் அந்தச் சூடு சீக்கிரம் வருமே தவிர, அதைத் தாண்டிப் போகாது, ஏனென்றால் சூட்டைப் பார்த்து காயிலை நிறுத்த வேண்டியது தெர்மோஸ்டாட். குழாயைத் திறக்காமலே அரை மணிக்கு மேல் ஹீட்டிங் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் தெர்மோஸ்டாட் மேல்தான் சந்தேகம். சில மாடல்களில் விளக்கு இரண்டு இருக்கும். கரண்ட் வருவதைக் காட்டுகிற விளக்கை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது பொங்கல் வரைக்கும் அணையாது.

இந்தப் பெட்டிக்குள் காவலுக்கு ஒருவருக்கு மேல் ஒருவராக ஆள் உண்டு. முதலில் தெர்மோஸ்டாட், 60 முதல் 75 டிகிரிக்குள் நிறுத்தும். அது தூங்கிப்போனால் கட்-அவுட், 90 டிகிரி வாக்கில் கரண்ட்டை வெட்டும். சில மாடல்களில் அதற்குமேல் உருகும் பிளக் ஒன்றும் இருக்கும். கடைசியாக சேஃப்டி வால்வ், அழுத்தம் எல்லை மீறினால் வெளியே விடும். ஆக, குழாயில் ஆவி வருகிறது என்றால் ஒரு ஆள் தூங்கினது காரணமில்லை. இரண்டாவது ஆளை யாரோ வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்கள்.

அனுப்புகிறவர் சொல்கிற வசனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "கட்-அவுட் அடிக்கடி விழுது சார், டைரக்ட் குடுத்துட்டேன்." கட்-அவுட்டைத் தாண்டி, அதன் இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவில் இரண்டு அங்குல வயர், அவ்வளவுதான் வேலை. வீட்டுக்காரருக்கும் சந்தோஷம், பார்ட்ஸ் காசு மிச்சம். கட்-அவுட் ஏன் அடிக்கடி விழுந்தது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

விழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டின் கான்டாக்ட். தினமும் 8.7 ஆம்பியரைச் சேர்த்துப் பிரித்து, பொறி பட்டுப் பட்டு, ஒருநாள் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் திருகைக் குறைந்த அளவில் வைத்தாலும் பயனில்லை. போர் தண்ணீர் வீடுகளில் தெர்மோஸ்டாட் உறைமேல் உப்பு ஏடு ஏடாகப் படிந்து, சூடு அதற்குத் தாமதமாகத் தெரிவதும் உண்டு. மெல்லிய செம்புக் குழாய் வைத்த வகையானால் அதன் நுனிக்குமிழ் உறையை விட்டு வழுகி வெளியே தொங்கும். பாவம், அது காற்றின் சூட்டைப் பார்த்துக்கொண்டு "இன்னும் சூடாகலையே" என்று காயிலை ஓட்டிக்கொண்டிருக்கும்.

நீளத் தண்டு வடிவில் வரும் தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது சுலபம். எம்சிபி இறக்கி, கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் பார்த்து, தண்டை உருவி, இரண்டு டெர்மினலிலும் மல்டிமீட்டரை வையுங்கள். ஆறிய நிலையில் பீப் வரும். திருகைக் குறைத்து, தண்டை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் நனைத்தால் சிறிது நேரத்தில் 'க்ளிக்', பீப் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குப்பைக்கு. புதிதுக்குப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். 7 இன்ச், 11 இன்ச் என்று தண்டு நீளம் மாறும், கடைக்காரர் கையால் காற்றில் அளந்து தருவார். கட்-அவுட்டும் சேர்த்து வாங்குங்கள், அந்த இரண்டு அங்குல வயருக்கு விடை கொடுங்கள். காயிலையும் அளந்துவிடலாம்: 26 ஓம் அருகில் காட்ட வேண்டும், காயிலுக்கும் உடம்புத் தகட்டுக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. காயிலில் உப்பு இருந்தால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசலில் ஊறவையுங்கள், உளியால் தட்ட வேண்டாம்.

சேஃப்டி வால்வைப் பார்க்கையில் அங்கே எம்-சீல் உருண்டை ஒன்று காய்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 15 லிட்டர் சூடாகி விரியும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கூடும், அது சொட்டுவது இயல்பு. "லீக்" என்று யாரோ அடைத்திருப்பார். சுரண்டிப் பார்க்காதீர்கள், வால்வையே மாற்றுங்கள்.

எல்லாம் பூட்டியதும் முதலில் தண்ணீர். சுடுதண்ணீர்க் குழாயில் காற்றில்லாமல் ஒழுங்காக வந்த பிறகே எம்சிபி. திருகை 60 டிகிரியில் வைத்து, பதினெட்டு நிமிஷம் சுமாருக்கு ஹீட்டிங் விளக்கு அணைந்தால் வேலை முடிந்தது.

வீட்டில் அப்படி நினைக்க மாட்டார்கள். 90 டிகிரித் தண்ணீர் 15 லிட்டரை விளாவினால் 40 டிகிரியில் 72 லிட்டர் குளிக்கலாம், 60 டிகிரியில் 38 லிட்டர்தான். மூன்றாவதாகக் குளிக்கப் போனவர் பச்சைத் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு வெளியே வருவார். "முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு, ரிப்பேர்ங்கிற பேர்ல கெடுத்துட்டாங்க" என்பார் மாமா. அப்பா போனை எடுத்து, பழைய எலக்ட்ரீஷியனையே கூப்பிடுவார்.

"சூடே வரலையா? ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். சாயங்காலம் வந்து டைரக்ட் குடுத்துர்றேன்."