வினாத்தாளில் இல்லாத ஓர் எண்: வனவுயிர்ப் புகலிடத்தில் வருகையாளர் தகவல் திரட்டிய அனுபவம்

பறவைகளின் வசந்த கால வலசை முழுவதும் எங்கள் கருத்தாய்வு முடங்கிக் கிடந்ததற்குக் காரணம், வினாத்தாளின் மேல் மூலையில் அச்சாகியிருக்க வேண்டிய ஓர் எண் அதில் இல்லாததுதான். அமெரிக்காவின் தேசிய வனவுயிர்ப் புகலிடம் ஒன்றுக்கு யார் வருகிறார்கள், எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று தகவல் திரட்டும் பணி எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவிடம் வந்திருந்தது. இப்போது வேலை முடிந்து அறிக்கையும் மேலாளர் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்த வசந்தம் வீணானது இன்னும் உறுத்துகிறது. இதே வேலையில் இறங்கப்போகும் மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் அப்படியோர் இழப்பு நேரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

புகலிடங்கள் பூங்காக்கள் அல்ல என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 1903இல் ஃபுளோரிடாவின் பெலிகன் தீவில் தொடங்கிய இந்த அமைப்பில் வனவுயிர்தான் முதலில், மனிதரின் பொழுதுபோக்கு அதற்குப் பிறகுதான். 1962ஆம் ஆண்டுச் சட்டம் புகலிடத்தின் மூல நோக்கத்துக்கு இடையூறு இல்லாத அளவுக்கே பொழுதுபோக்கை அனுமதித்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டை, மீன்பிடிப்பு, வனவுயிர் பார்த்தல், புகைப்படம் எடுத்தல், சுற்றுச்சூழல் கல்வி, இயற்கை விளக்கம் ஆகிய ஆறு பயன்பாடுகளுக்கு முன்னுரிமை தந்தபோதும், ஒவ்வொன்றும் அந்தப் புகலிடத்தின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று மேலாளர் எழுத்துப்பூர்வமாகத் தீர்மானிக்க வேண்டும் என்றது. எங்கள் புகலிடத்தில் அந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யும் காலம் வந்திருந்தது. சதுப்பு நிலத்தின் குறுக்கே செல்லும் கரைப்பாதை ஒன்றில் நடப்பவர்களும் தூண்டில் போடுபவர்களும் பறவை பார்ப்பவர்களும் ஒன்றாகக் கூடுகிறார்கள். அதன் வடபகுதியை ஒட்டித்தான் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. கூடு கட்டும் பருவத்தில் பாதையை மூடலாமா, மூடினால் யார் பாதிக்கப்படுவார்கள், அவர்கள் வேறு எங்கே போவார்கள் என்று மேலாளருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தப் பிரிவில் இருந்த அலுவலரிடம் வினாத்தாளைக் காட்டி, இதற்குக் கூட்டாட்சி அரசின் ஒப்புதல் வேண்டுமா என்று தொடக்கத்திலேயே கேட்டோம். கேள்வி கேட்பது பல்கலைக்கழகம்தானே, அரசு அல்லவே, எனவே வேண்டாம் என்றார். எழுத்தில் தரும்படி கேட்டதற்கு, தேவையில்லாத விஷயத்துக்குக் கடிதம் எதற்கு என்று அனுப்பிவிட்டார். வினாத்தாள் அச்சாகி வந்து, களப்பணியாளர்களுக்குப் பயிற்சியும் முடிந்த பிறகுதான், புகலிடத் தரப்பில் தகவல் திரட்டல் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கட்டுப்பாட்டு எண் எங்கே என்று கேட்டார்.

காகிதப்பணிக் குறைப்புச் சட்டம் 1980இல் வந்து 1995இல் திருத்தி எழுதப்பட்டது. பன்னிரண்டு மாதங்களுக்குள் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோரிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்க விரும்பும் கூட்டாட்சி நிறுவனம், வெள்ளை மாளிகையின் கீழுள்ள மேலாண்மை மற்றும் வரவுசெலவு அலுவலகத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். ஒப்புதலோடு தரப்படும் கட்டுப்பாட்டு எண்ணும் அது காலாவதியாகும் தேதியும் படிவத்தில் இருக்க வேண்டும். நிறுவனம் தானே கேட்டாலும் சரி, தன் சார்பில் வேறொருவரைக் கேட்க வைத்தாலும் சரி, விதி ஒன்றுதான். நிதியுதவி பெறும் பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி ஆய்வு செய்தால் பொதுவாக இந்தச் சட்டம் குறுக்கே வராது. ஆனால் நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தக் கருத்தாய்வு நடந்தாலோ, கேள்விகளுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும் என்று உடன்படிக்கையில் இருந்தாலோ, அது அரசின் கருத்தாய்வாகவே கருதப்படும். எங்கள் உடன்படிக்கையின் நடுப்பக்கத்தில் வினாத்தாளைப் புகலிட மேலாளர் அங்கீகரிக்க வேண்டும் என்ற ஒரு வரி இருந்தது. அந்த உடன்படிக்கையைத் தயாரித்ததே எங்களுக்கு ஒப்புதல் வேண்டாம் என்று சொன்ன அதே பிரிவுதான். ஆகவே வாய்மொழியாக வரும் 'வேண்டாம்' என்ற பதிலை நம்பிக் களத்தில் இறங்காதீர்கள். அந்த ஒரு வரி உங்கள் உடன்படிக்கையில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால், ஒப்புதலுக்கான காலத்தையும் உங்கள் கால அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.

இதற்குள் இன்னொரு சிக்கலும் முளைத்தது. மனிதர்களிடம் கேள்வி கேட்பதற்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். புகலிடத்துக்குள் ஆய்வு செய்வதற்குப் புகலிடம் தரும் சிறப்புப் பயன்பாட்டு அனுமதி தனியாக வேண்டும். நெறிமுறைக் குழுவின் செயலகம் புகலிட அனுமதியின் நகலைக் கேட்டது. அந்த அனுமதிக்கான எங்கள் விண்ணப்பத்தோடோ நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை இணைக்க வேண்டியிருந்தது. செயலகத்தில் இருந்தவர், விதி அப்படித்தான், அங்கே வாங்கிக்கொண்டு வாருங்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. வழி காட்டியவர் வேறு துறையைச் சேர்ந்த மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர். புகலிட அனுமதி கிடைத்தால் மட்டுமே செல்லுபடியாகும் என்ற நிபந்தனையோடு ஒப்புதல் தருமாறு நெறிமுறைக் குழுவின் தலைவருக்கே நேரடியாக எழுதச் சொன்னார். எழுதினோம், மறுப்பின்றிக் கிடைத்தது. அந்தக் கடிதத்தைக் கண்டதும் புகலிட அனுமதியும் தாமதமின்றி வந்தது. மூன்று ஒப்புதல்களும் வெவ்வேறானவை, ஒன்று கிடைத்ததால் மற்றொன்று கிடைத்ததாக ஆகாது என்பதை இன்னும் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

எண் வரும் வரை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் இந்தப் பணியில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்த பகுதி. அதே சட்டத்தின் நடைமுறை விதிகளைப் பொறுமையாகப் படித்தபோது, நேரடிக் கூர்நோக்கில் தெரியவரும் செய்திகள் ஒப்புதல் தேவைப்படும் 'தகவல்' என்ற வரையறைக்குள் வருவதில்லை என்பது புலப்பட்டது. யாரையும் நிறுத்திக் கேட்காமல், கரைப்பாதையில் எத்தனை பேர் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், அவர்கள் நெருங்கும்போது பறவைகள் எவ்வளவு தொலைவில் எழுந்து பறக்கின்றன என்பதையெல்லாம் நாங்கள் பார்த்துக் குறித்துக்கொள்ளத் தடையே இல்லை. விதிப்பிரிவைச் சுட்டி எழுதிக் கேட்டோம். ஆம் என்று எழுத்திலேயே பதில் வந்தது. வலசையின் இறுதிப் பகுதியையாவது காப்பாற்ற முடிந்தது அதனால்தான்.

அத்தோடு, ஒன்பது பேர் வரை ஒப்புதல் இல்லாமலே வினாத்தாளைச் சோதித்துப் பார்க்கலாம். இந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். எங்கள் சோதனையில் பதிலளித்த சிலர் தினமும் காலையில் நடக்க வருகிறவர்கள்; 'வருகையாளர்' என்ற சொல் தங்களைக் குறிக்கும் என்றே அவர்கள் நினைக்கவில்லை. வேறு சிலர் தாங்கள் நின்றிருந்த இடத்தை மாநிலப் பூங்கா என்றே எண்ணியிருந்தார்கள். 'இந்தப் புகலிடத்துக்கு எத்தனை முறை வந்திருக்கிறீர்கள்' என்ற கேள்வியை வரைபடத்தைக் காட்டி 'இந்த இடங்களுக்கு' என்று மாற்றினோம். ஒப்புதல் கிடைத்த பிறகு இத்தகைய மாற்றத்தைச் செய்ய வேண்டுமென்றால் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஸ்பானிய மொழி வினாத்தாளையும் முதல் விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்பிவிட வேண்டும்.

எண்ணும் கருவிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நுழைவுச் சாலையின் குறுக்கே போட்ட காற்றுக்குழாய் வண்டிகளை எண்ணுவதில்லை, அச்சுகளை எண்ணுகிறது. இரண்டு அச்சு ஒரு வண்டி என்று அது கணக்கிடும். படகை ஏற்றிய இழுவையோடு வரும் கார் மூன்று அச்சாக விழுந்து ஒன்றரை வண்டியாகிவிடும். மீன்பிடிப் பருவத்தில் அந்தக் கணக்கு எவ்வளவு ஊதிப்போகும் என்று எண்ணிப் பாருங்கள். போகும்போதும் திரும்பும்போதும் ஒரே வண்டி இரு முறை பதிவாகும். பணியாளர்களின் வண்டிகளும் அதில் கலக்கும். நடைபாதையில் வைத்த அகச்சிவப்புக் கருவி, சேர்ந்து நடக்கும் இருவரை ஒருவராகவும், குறுக்கே போகும் மானை ஒரு மனிதராகவும் பதிவு செய்தது. கருவிகள் தரும் எண்ணை நேரில் எண்ணிய எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் எந்த அறிக்கையிலும் சேர்க்கக் கூடாது. நுழைவுக் கட்டண வசூலை வைத்து வருகையைக் கணக்கிடுவதும் சரிவராது. நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் வாங்கும் கூட்டாட்சி அரசின் 'வாத்து முத்திரை'யை அந்த ஆண்டுக்கு வைத்திருப்பவர்கள் கட்டணம் வாங்கும் புகலிடங்களிலும் தனியே பணம் கட்டாமல் நுழையலாம் என்பதால் வசூல் புத்தகத்தில் அவர்கள் இருப்பதே தெரியாது.

ஒப்புதல் விண்ணப்பத்தின் மற்ற கட்டங்கள் நீளமானவையாக இருந்தாலும் ஒழுங்காகவே நகர்ந்தன. கூட்டாட்சி அரசின் அரசிதழான ஃபெடரல் ரிஜிஸ்டரில் முதலில் 60 நாள் அறிவிப்பும் பின்னர் 30 நாள் அறிவிப்பும் வெளியாகிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லக் காலம் தரப்படும். பதிலளிப்பவர்களின் நேரத்தை மணிக்கணக்கில் காட்ட வேண்டும்: 600 பேர், ஒவ்வொருவருக்கும் 10 நிமிடம் என்றால் 100 மணி நேரம். மாதிரி எடுக்கும் முறையைத் தனிப் பகுதியாக விளக்க வேண்டும். பதிலளிப்பு விகிதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகும் என்று தெரிந்தால், பதிலளிக்காதவர்களால் முடிவு ஒரு பக்கம் சாயாமல் இருப்பதை எப்படிச் சோதிப்பீர்கள் என்றும் சொல்ல வேண்டும். பொதுமக்கள் தரப்பில் வந்த ஒரு கருத்து, பாதையை மூடும் முடிவுக்கும் குடும்ப வருமானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டது. நியாயமான கேள்வி. வருமானக் கேள்வியை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு கேள்வியின் பதிலும் எந்த முடிவுக்கு உதவும் என்று ஒரே வரியில் எழுத முடியவில்லை என்றால் அந்தக் கேள்வி வினாத்தாளில் இருக்கத் தேவையில்லை என்பதில் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

எண் வந்த பிறகு களப்பணி பெரும்பாலும் சுமுகமாக நடந்தது. வேட்டைக்காரர்களிடம் மட்டும் எங்களால் நேரில் பேச முடியவில்லை. அவர்கள் விடியுமுன் நுழைந்துவிடுகிறார்கள், நாங்கள் சாலையோரம் நிற்கும் நேரத்தில் வெளியேறுவதும் இல்லை. அவர்களுக்காகப் புகலிடம் ஏற்கெனவே வைத்திருந்த வருகைப் பதிவு அட்டைகள் கைகொடுத்தன. நுழையும்போது நிரப்பி, வெளியேறும்போது எத்தனை மணி நேரம் இருந்தார்கள், என்ன கிடைத்தது என்று எழுதிப் பெட்டியில் போடும் அந்த அட்டைக்குத் தனி ஒப்புதல் எண் இருக்கிறது. எனவே புதிதாக எதையும் கேட்காமலே அந்தப் பகுதியின் பயன்பாட்டை அறிந்துகொண்டோம். உங்கள் புகலிடத்தில் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற படிவங்கள் எவை என்று முதலில் பட்டியல் எடுத்துக்கொண்டால் புது வினாத்தாள் பாதியாகச் சுருங்கிவிடும்.

தூண்டில் போடுபவர்களில் சிலர் தயங்கினார்கள். கரைப்பாதையை மூடத்தான் கேள்வி கேட்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதை மறைக்கக் கூடாது என்று எங்கள் குழுவில் முன்பே முடிவு செய்திருந்தோம். பருவகால மூடல் பரிசீலனையில் இருக்கிறது, நீங்கள் பேசாமல் போனால் உங்கள் தரப்பு அறிக்கையில் இல்லாமல் போகும் என்று நேர்மையாகச் சொன்னபோது பெரும்பாலானோர் நின்று பதில் சொன்னார்கள். குழுவாக வருபவர்களில் முன்னால் வந்து பேசுபவரிடமே கேட்டுவிடாதீர்கள். வயதுவந்தவர்களில் அண்மையில் பிறந்தநாள் வந்தவர் யார் என்று கேட்டு அவரிடம் தாளைக் கொடுங்கள். இல்லையென்றால் ஆர்வம் மிகுந்தவர்களின் கருத்து மட்டுமே திரும்பத் திரும்பச் சேரும்.

தொகுத்துப் பார்த்தபோது, வடபகுதிக்குப் போவோரில் பலர் பாதை அங்கே தொடர்கிறது என்பதால் போனவர்களே தவிர அந்த இடத்துக்கென்றே வந்தவர்கள் அல்லர் என்பது தெரிந்தது. தூண்டில்காரர்களுக்கு வேண்டியிருந்ததோ தென்பகுதியின் ஆழமான நீர். எங்கள் கூர்நோக்குக் குறிப்புகளும் பறவைகள் எழுந்து பறப்பது வடபகுதியில்தான் அதிகம் என்று காட்டின. கூடு கட்டும் பருவத்தில் வடபகுதியை மட்டும் மூடி, தென்பகுதியைத் திறந்தே வைக்கும் வரைவுத் தீர்மானத்தை மேலாளர் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டார். முழுப் பாதையும் மூடப்படும் என்று அஞ்சியிருந்த தூண்டில்காரர்கள் அதை ஆதரித்து எழுதினார்கள் என்று கேள்விப்பட்டபோது பட்ட பாடெல்லாம் தகும் என்றே தோன்றியது.

அடுத்து வருபவர்களுக்கு ஒன்று. ஒரு முறை தரும் ஒப்புதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. மூடலுக்குப் பிறகு வருகை எப்படி மாறியது என்று மீண்டும் கேட்க நினைத்தால், எண் காலாவதியாவதற்கு நெடுநாள் முன்பே நீட்டிப்புக்கான வேலையைத் தொடங்க வேண்டும், ஏனெனில் 60 நாளும் 30 நாளும் அப்போதும் உண்டு. எங்கள் எண் காலாவதியாகும் தேதியைப் புகலிட அலுவலகத்தின் நாட்காட்டியிலும் குழுவின் பொதுக் கோப்பிலும் எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தோம்.