இறங்கலைன்னாலும் பரவாயில்ல

"இறங்கலைன்னாலும் பரவாயில்ல சார். ஆனா உங்க பக்கத்துல யாராவது கவிழ்ந்தா, அவங்க உங்களைத்தான் நம்பணும்."

கடலில் கயாக், அதாவது ஒடுங்கிய துடுப்புப் படகு, ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் நான். வேண்டுமென்றே கவிழ்ந்து மீண்டும் ஏறும் பயிற்சிக்குத் தயங்கிய ஒரு மாணவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, கேலியும் செய்யவில்லை. ஆனால் மற்ற ஆறு பேரும் துடுப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் சொன்னேனா? அன்றிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. "தம்பி, நீச்சல் குளத்துல பத்து தடவை பண்ணிட்டேன். அதே கயாக், அதே டி-ரெஸ்க்யூ. இங்க எதுக்கு?" என்று, கவிழ்ந்தவரை இன்னொரு கயாக்கில் இருப்பவர் திரும்ப ஏற்றிவிடும் அந்த முறையைப் பற்றிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதிலும் என்னிடம் இருந்தது. குளத்தில் பழகுவது கையும் காலும். குளிர்ந்த கடலில் முதலில் கைவிடுவது மூச்சு. அன்று தண்ணீர் 11 டிகிரி. அந்தக் குளிரில் விழுந்தவுடன் நெஞ்சு தானாக ஒரு பெரும் மூச்சை இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்கடியில் இருந்தால், நீச்சல் எவ்வளவு தெரிந்திருந்தாலும் உதவாது. இதை நிதானமாக விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. அலை ஏறிக்கொண்டிருந்தது, நேரம் போய்க்கொண்டிருந்தது, எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தார், கவிழ்ந்தார்.

இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடியிருக்கும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டைக் கழற்றி மேலே வந்தவருக்கு வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. குளிரில் உடல் என்னவாகும் என்று ஆராயும் கனடாவின் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கை அன்று காலை கரையிலேயே சொல்லியிருந்தேன்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். முதல் நிமிடம் படகைப் பிடித்துக்கொண்டு சும்மா மிதக்க வேண்டும். அவர் மிதக்கவில்லை. கூட்டாளி கயாக்கின் மூக்கைத் தூக்கி, தண்ணீரை வடித்து, நிமிர்த்தி, பக்கத்தில் அணைத்துப் பிடிப்பதற்குள்ளேயே ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தார். இரண்டாவது முறை வயிற்றால் ஊர்ந்து ஏறிவிட்டார். குளத்தில் அவர் அனாயாசமாகச் செய்த வேலை. ஏறிய பிறகு ஸ்கர்ட்டின் விளிம்பை மாட்ட விரல்கள் மடங்கவில்லை, கூட்டாளிதான் மாட்டிவிட்டார்.

பயிற்சி என்று பார்த்தால் இதைவிட நல்ல பாடம் இல்லை. தன் விரல் எப்போது தன்னைக் கைவிடும் என்று ஒருவருக்குக் கரையருகிலேயே, ஆறு பேர் சூழ இருக்கும்போதே தெரிந்துவிட்டது. நடுக்கடலில் காற்றடிக்கும் நாளில் தெரிந்திருந்தால்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பல நாள் அது போதுமானதாகவும் இருக்கிறது.

ஆனால் நான் தண்ணீர் உள்ளே புகாத டிரை சூட்டில் இருந்தேன், உள்ளே கம்பளி வேறு. அவர் தண்ணீர் உள்ளே புகும் மெல்லிய வெட் சூட்டில். என் முகத்தைத் தவிர வேறெங்கும் அன்று கடல் படவில்லை. அந்த வயதில் குளிர் அதிர்ச்சி இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். உடல்நலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். வேறு வழியும் இருந்தது. இடுப்பளவு நீரில் நிற்கவைத்து, முகத்தை நனைக்கச் சொல்லி, ஓரிரு நிமிடத்தில் வெளியே வரவைத்திருக்கலாம். இப்படி ஐந்தாறு முறை இறங்கினாலே அந்த முதல் திணறல் வெகுவாகக் குறையும், மாதக்கணக்கில் உடம்பு அதை மறக்காது. அதற்கு ஒரு நாள் போதாது, பல நாள் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு மதியம். இது சாக்கா, காரணமா?

கரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "கத்துக்கிட்டேன் தம்பி, இல்லைங்கல. ஆனா கத்துக்கணும்னு இறங்கல. இவங்க முன்னாடி மாட்டேன்னு சொல்ல முடியல." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், வாதாடியிருப்பேன். அடுத்த வகுப்புக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும்.

ஊக்குவிப்பது என்று நாங்கள் பேசிக்கொள்வதில் பாதி இதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. குளிர்நீரில் யாரும் ஆசைப்பட்டு இறங்குவதில்லை. கொஞ்சம் தள்ளத்தான் வேண்டும். எந்த இடத்தில் அது தள்ளுவதாக இல்லாமல் மாட்டிவிடுவதாக ஆகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

அடுத்த குழுவில் ஒரு பெண், "எனக்கு இன்னைக்கு வேண்டாம்" என்றாள். "சரி" என்றேன், உடனே, யாரும் திரும்பிப் பார்ப்பதற்குள். அன்று முழுக்க அவள் படகிலேயே இருந்தாள். கவிழ்ந்த மூன்று பேரை அழகாக ஏற்றிவிட்டாள், தலைமுடிகூட நனையவில்லை. மாலையில் வந்து, அடுத்த மாத நீண்ட பயணத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

பெயரை எழுதிக்கொண்டேன்.