மாவரைக்கும் கல்லில் சாக்லேட்

இட்லிக்கு மாவரைக்கும் மேசை கிரைண்டருக்கும், சாக்லேட் செய்பவர்கள் மெலாஞ்சர் என்று அழைக்கும் இயந்திரத்திற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு கிடையாது. எவர்சில்வர் டிரம், அடியில் கருங்கல், அதன்மேல் உருளும் குழவிகள் என இரண்டும் ஒன்றே. நம் ஊர் கிரைண்டர்களைத் தருவித்து அதில் சாக்லேட் அரைப்பவர்கள் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். ஆனால் மாவு தண்ணீரோடு அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அரைபட்டுவிடும். சாக்லேட்டோ ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் அரைபட வேண்டும். கிரைண்டரில் நாம் செய்ய வேண்டிய மாற்றங்கள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

முதலில் தண்ணீர். சாக்லேட் குழம்பில் சிறிதளவு ஈரம் சேர்ந்தாலும் சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முழுவதும் கெட்டியாகத் திரண்டுவிடும். கருங்கல் கழுவிய ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் என்பதால், கடற்காற்று வீசும் தண்டையார்பேட்டையில் துணியால் துடைப்பது போதாது. மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே குழவியைப் பொருத்துகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையையே எடுப்பதில்லை. பனங்கருப்பட்டி சேர்க்க எனக்கு ஆசைதான். அதிலுள்ள ஈரம் விடுவதில்லை.

அடுத்தது சூடு. கொக்கோ பருப்பிலுள்ள கொழுப்பான கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 முதல் 38 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அதுவரை கொக்கோ பருப்பு குழவிக்கு அடியில் கெட்டிப்பட்டு அதை நிறுத்திவிடப் பார்க்கும். எனவே வறுத்துத் தோல் புடைத்த பருப்பை மிக்சியில் பொடித்து, முடி உலர்த்தும் இயந்திரத்தால் டிரம்மையும் கல்லையும் சூடாக்கி, குழவியை அழுத்தும் திருகைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். பருப்பின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பே ஆகையால், பொறுமையாகப் போட்டால் அது தானே இளகிக் குழம்பாகும். அதன் பிறகு திருகை இறுக்கி, நன்கு உலர்ந்த சர்க்கரைப் பொடியைச் சேர்க்கலாம்.

கொக்கோவுக்கு வேண்டிய அந்தச் சூடு மோட்டாருக்கு ஆகாது. வீட்டுக் கிரைண்டரின் மோட்டார் இரவு பகலாக ஓடுவதற்குச் செய்யப்பட்டதன்று. அதன் காற்றுத் துளைகளுக்கு நேராக ஒரு மேசை விசிறியை வைப்பது இங்கே கட்டாயம், சித்திரையில் அதுவும் போதாமல் இடையிடையே ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் போனால் குழவியை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். குழம்பு இறுகிய பின் அப்படியே சுவிட்சைப் போட்டால் பெல்ட் வழுக்கும், அல்லது மோட்டார் புகையும்.

மூடியை இறுக மூடுவதும் கூடாது. கொக்கோவைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் அசெட்டிக் அமிலம் அரைபடும் சூட்டில் ஆவியாகி வெளியேறினால்தான் சுவை சீராகும். நான் மெல்லிய மல் துணி கட்டிவைக்கிறேன். துகள் சுமார் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு வந்தால் நாக்கில் நறநறப்புத் தெரியாது. அதை அளக்கக் கருவி உண்டு, என்னிடம் இருப்பது நாக்கு மட்டுமே.

இதற்கென்று தனிக் கிரைண்டர் வைத்துக்கொள்வதே நல்லது. உளுந்தும் வெந்தயமும் அரைத்த கல்லின் வாசனையைக் கொக்கோ வெண்ணெய் எளிதில் இழுத்துக்கொள்ளும்; கொக்கோ ஏறிய கல்லில் அரைத்த மாவை என் மாமியார் தொடவும் மாட்டார்.